பிரஷர் மாத்திரை மாற்றியதிலிருந்து சுகர் ஏறுகிறது: மாத்திரையா, நானா?

கடைசிப்பக்கம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வயது 53. ஆறு வருடமாக பிரஷர். சுகர் இன்னும் வரவில்லை, ஆனால் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

முன்பு அம்லோடிபின் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. மாலையில் சாக்ஸைக் கழற்றினால் அதன் பின்னல் அப்படியே காலில் அச்சு விழுந்திருக்கும், ஒரு மணி நேரம் ஆனாலும் மறையாது. டாக்டரிடம் காட்டினேன். அதை நிறுத்திவிட்டு டெல்மிசார்டன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது. 152/94 என்று இருந்த பிரஷர் 128/80க்கு வந்தது. எல்லாம் சந்தோஷம்.

நான்கு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தேன். வெறும் வயிற்று சுகர் முன்பு 106, இப்போது 121. எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாத சராசரி சுகர்) 5.9 இருந்தது 6.3 ஆகிவிட்டது. எடை அரைக் கிலோகூட ஏறவில்லை. சாப்பாட்டிலும் மாற்றம் இல்லை. மாறியது மாத்திரை ஒன்றுதான். பிரஷர் மாத்திரை சுகரை ஏற்றுமா? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

---

சும்மாஒருவன் எழுதியது:

ஏற்றும். நன்றாகவே ஏற்றும். ஒரு நோய்க்கு மாத்திரை கொடுத்து இன்னொரு நோயை வாங்கிக் கொடுப்பதுதான் இவர்கள் வேலை. இரண்டு மாதம் நிறுத்திப் பாருங்கள், சுகர் தானாக இறங்கிவிடும். அனுபவத்தில் சொல்கிறேன்.

---

மருந்துமேசை எழுதியது:

கடைசிப்பக்கம் ஐயா, தயவுசெய்து மேலே சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். இருபது வருடமாக மருந்துக் கடை மேசைக்குப் பின்னால் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் சில நாளிலோ சில வாரத்திலோ பழைய இடத்துக்கே போய்விடும். போகும்போது சொல்லிவிட்டும் போகாது.

உங்கள் கேள்வி நியாயமானதுதான். ஆனால் டெல்மிசார்டன் சுகரை ஏற்றும் மருந்து இல்லை, அதனால் கொஞ்சம் இடிக்கிறது. ஒரு உதவி செய்யுங்கள். மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை முழுதாக இங்கே தட்டச்சு செய்யுங்கள். முன்பக்கத்துப் பெரிய எழுத்து வேண்டாம்.

---

கடைசிப்பக்கம் எழுதியது:

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். டெல்மிசார்டன் 40 மி.கி. அதற்குக் கீழே குளோர்தாலிடோன் 12.5 மி.கி. இரண்டாவது ஒன்று இருப்பது இன்றைக்குத்தான் தெரியும். நான்கு மாதமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன்!

---

மருந்துமேசை எழுதியது:

அதானே பார்த்தேன்.

கூட்டு மாத்திரைகளில் இது அடிக்கடி நடக்கும். பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் ஓரிரண்டு எழுத்துதான் இரண்டாவது மருந்து. எச் என்று முடிந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதையசைடு, ஏஎம் என்றால் அம்லோடிபின். அந்த வாலை யாரும் படிப்பதில்லை.

குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதையசைடு, இன்டாபமைடு மூன்றும் தையசைடு குடும்பம், அல்லது அதன் நெருங்கிய சொந்தம். சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றி பிரஷரைக் குறைப்பவை. நல்ல மருந்துகள், மலிவானவை, பக்கவாதத்தையும் இதயச் செயலிழப்பையும் தடுப்பதில் பெயர் வாங்கியவை. ஆனால் உப்போடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சுகர் கதை தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்லில் பொட்டாசியம் வெளியே போக ஒரு வாசல் இருக்கிறது. சாதாரண நேரத்தில் அது திறந்தே கிடக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறி, அது செல்லுக்குள் எரிந்து சக்தியானதும் வாசல் மூடும். உடனே செல்லின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியே வரும். கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரைகள் இந்த வாசலை வெளியிலிருந்து அழுத்தி மூடுகின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் அந்த மின்மாற்றம் சுணங்குகிறது. சர்க்கரை வந்து கதவைத் தட்டியும் இன்சுலின் தாமதமாக, குறைவாகக் கிளம்புகிறது.

தையசைடுக்கு டயாசாக்சைடு என்று ஒரு பங்காளி உண்டு. வேதி அமைப்பில் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஒரு காலத்தில் எகிறிய பிரஷரை அவசரமாக இறக்க அதை ஊசியாகப் போட்டார்கள். அது இந்த வாசலை மூடவிடாமல் திறந்தே வைக்கும், அதனால் சுகர் ஏறும். இன்றைக்கு அதே குணத்துக்காகவே, இன்சுலின் அதிகம் சுரந்து சுகர் தாழ்ந்துபோகிறவர்களுக்கு அதைக் கொடுக்கிறார்கள். பக்கவிளைவே மருந்தாகிப்போன கதை.

இப்போது என் கேள்வி: உங்கள் பரிசோதனைத் தாளில் பொட்டாசியம் எவ்வளவு?

---

கடைசிப்பக்கம் எழுதியது:

பொட்டாசியமே பார்க்கவில்லை. சுகர், கொழுப்பு, கிரியேட்டினின், அவ்வளவுதான். நாளைக்கே கொடுத்துப் பார்க்கிறேன்.

---

எண்சுவடி எழுதியது:

மாத்திரை சுகரை ஏற்றும் என்பது சரி. எவ்வளவு ஏற்றும் என்று யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் எண்கள்.

ஆல்ஹாட் என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2002இல் வெளிவந்தன. 55 வயதைத் தாண்டிய 33,000க்கும் அதிகமான பிரஷர்காரர்கள். ஒரு பிரிவுக்கு குளோர்தாலிடோன், ஒரு பிரிவுக்கு அம்லோடிபின், ஒரு பிரிவுக்கு லிசினோபிரில். தொடக்கத்தில் சுகர் இல்லாதவர்களில் நான்கு வருடம் கழித்து வெறும் வயிற்றில் 126ஐ, அதாவது சுகர் நோய் என்று சொல்லும் எல்லையைத் தொட்டவர்கள்: குளோர்தாலிடோனில் 11.6 சதவீதம், அம்லோடிபினில் 9.8, லிசினோபிரிலில் 8.1.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். லிசினோபிரிலோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு என்று பயமுறுத்தலாம். நூறு பேரில் மூன்று அல்லது நான்கு பேர் கூடுதல் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே கணக்குதான். இரண்டாவதைச் சொன்னால் யாரும் அடுத்தவருக்கு அனுப்ப மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் முக்கியமானது, மற்ற இரண்டு மருந்திலும் எட்டு, பத்து பேருக்கு சுகர் வந்திருக்கிறது என்பது. பிரஷர் உள்ள உடம்பு ஏற்கெனவே சுகரை நோக்கி நடக்கிற உடம்பு. இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கும்: இடுப்புச் சுற்றளவு, இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தசை, குடும்ப வழி. மாத்திரை கொஞ்சம் தள்ளிவிடுகிறது, நடக்கத் தொடங்கியது நாம்தான்.

இன்னொன்று. 2021இல் லான்செட் மருத்துவ இதழில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. மேல் பிரஷரை 5 புள்ளி குறைத்தாலே சுகர் வரும் ஆபத்து சுமார் 11 சதவீதம் குறைகிறது. மருந்து வகைப்படி பார்த்தால் ராமிபிரில் வகையும் டெல்மிசார்டன் வகையும் ஆபத்தைச் சுமார் 16 சதவீதம் குறைக்கின்றன. அம்லோடிபின் வகை நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. தையசைடு சுமார் 20 சதவீதமும், பீட்டா பிளாக்கர் (மெட்டோபுரோலால், புரோப்ரனோலால் வகை) 48 சதவீதமும் கூட்டுகின்றன. ஆக, ஐயா விழுங்குகிற ஒரே மாத்திரைக்குள் ஒன்று கீழே இழுக்கிறது, ஒன்று மேலே தள்ளுகிறது.

---

சும்மாஒருவன் எழுதியது:

பாருங்கள், நீங்களே 20, 48 என்று சொல்கிறீர்கள். இதைத்தான் நானும் சொன்னேன்.

---

எண்சுவடி எழுதியது:

நீங்கள் சொன்னது நிறுத்துங்கள் என்று. நான் சொன்னது எடைபோட்டுப் பாருங்கள் என்று. இரண்டும் ஒன்றில்லை.

அதே ஆல்ஹாட்டில், சுகரைக் கொஞ்சம் ஏற்றிய குளோர்தாலிடோன் மாரடைப்பைத் தடுப்பதில் மற்ற இரண்டுக்கும் பின்தங்கவில்லை. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் முந்தியே நின்றது. சுகரும் பிரஷரும் சேர்ந்தே உள்ளவர்களை வைத்து பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வையும் பாருங்கள், 1998இல் வந்தது. ஒரு பிரிவில் சராசரி பிரஷரை 144/82க்குக் கொண்டுவந்தார்கள், இன்னொன்றில் 154/87இல் நின்றது. அந்தப் பத்துப் புள்ளியில் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது, சுகர் சம்பந்தப்பட்ட மரணம் 32 சதவீதம் குறைந்தது. அதற்குப் பயன்படுத்திய இரண்டு முக்கிய மருந்தில் ஒன்று பீட்டா பிளாக்கர்!

---

அம்மாவின்மகள் எழுதியது:

பீட்டா பிளாக்கர் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். இழைக்குக் கொஞ்சம் விலகல்தான், மன்னிக்கவும்.

என் அம்மாவுக்கு 71 வயது. பத்து வருடத்துக்கு மேலாக இன்சுலின். பிரஷருக்கும் கை நடுக்கத்துக்கும் சேர்த்து ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று ஒரு டாக்டர் புரோப்ரனோலால் எழுதியிருந்தார். நடுக்கம் நின்றது, அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். நூல் கோக்க முடிகிறது என்று எனக்கே கோத்துக் காட்டினார்.

அதற்கு முன்பெல்லாம் லோ சுகர் வந்தால் அம்மாவே சொல்லிவிடுவார். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை உதறுகிறது, கொஞ்சம் சர்க்கரை கொடு என்பார். அந்த நாள் ஒன்றுமே சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார். மேல் கொக்கியைக் கீழ் வளையத்தில் மாட்டுவார், கழற்றுவார், திரும்பவும் அதையே மாட்டுவார். என்னம்மா என்று கேட்டால் ம் என்கிறார். மின்விசிறி ஓடுகிறது, வெயில் இல்லை, ஆனால் கழுத்தடியில் துணி பிழிந்தால் சொட்டும்போல நனைந்திருந்தது. கையைத் தொட்டேன், நடுக்கமே இல்லை. நாடி பிடித்துப் பார்த்தால் நிதானமாக ஓடுகிறது. மீட்டரில் 46.

சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 58. மறுபடி கொடுத்தேன். 90ஐத் தாண்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. வழக்கமாக அவ்வளவு நேரம் பிடிக்காது.

இப்படி ஆகலாம் என்று யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை.

---

மருந்துமேசை எழுதியது:

அம்மா, இது விலகலே இல்லை. என்னைக் கேட்டால் இந்த இழையில் எல்லாரும் படிக்க வேண்டியது இதுதான். ஐயாவின் 121 மெதுவாக நடக்கிற விஷயம், அதற்கு அவகாசம் இருக்கிறது. 46க்கு அவகாசம் கிடையாது.

சுகர் தாழ்ந்ததும் உடம்பு அட்ரினலினை இறக்கிவிடும். நெஞ்சு அடிப்பதும் கை நடுங்குவதும் அதன் வேலை. பீட்டா பிளாக்கர் அடைப்பது அந்த வழியைத்தான். மணி அடிக்கும், காதில் விழாது. ஆனால் வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேறு பொருளால் இயங்குகிறது. அதனால் வியர்வை மட்டும் தப்பித்து வெளியே வந்துவிடும். பீட்டா பிளாக்கர் போடும் இன்சுலின்காரர்களுக்கு நான் கடையில் சொல்வது இது ஒன்றுதான்: காரணமில்லாமல் வியர்த்தால் உடனே மீட்டரை எடுங்கள். இன்சுலின் மட்டுமில்லை, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

திரும்பி ஏற நேரமானதற்கும் காரணம் இருக்கிறது. புரோப்ரனோலால் இதயத்தோடு நிற்காது, உடம்பு முழுக்க அடைக்கும். கல்லீரலும் தசையும் சேமித்து வைத்ததை உடைத்து எடுக்க உதவும் சமிக்ஞையும் அதில் மாட்டிக்கொள்ளும். மெட்டோபுரோலால், பிசோபுரோலால் போன்றவை பெரும்பாலும் இதயத்தோடு நின்றுவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு. குறைவுதான், இல்லவே இல்லை என்று அர்த்தம் இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் நெஞ்சு வலி, சிலருக்கு மாரடைப்புகூட வரலாம். டாக்டர்தான் படிப்படியாக இறக்க வேண்டும்.

---

அம்மாவின்மகள் எழுதியது:

நன்றி. அப்படித்தான் செய்தார்கள், மூன்று வாரமாகக் குறைத்து பிறகு நிறுத்தினார்கள். இப்போது வேறு மருந்து. நடுக்கம் திரும்பிவிட்டது. நூலை நான்தான் கோத்துக் கொடுக்கிறேன்.

---

நிழல்மரம் எழுதியது:

நான் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவன், சுகரும் உண்டு. மெட்டோபுரோலால் போட்டுக்கொண்டிருந்தேன். இங்கே இதே மாதிரி ஒரு விவாதத்தைப் படித்துவிட்டு டாக்டரிடம் போய், இது சுகரை ஏற்றுமாமே என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ஏற்றும், கொஞ்சம் ஏற்றும், ஆனால் உன் இதயம் பலவீனமாக இருக்கிறது, அதற்கு இது வேண்டும் என்றார். பிறகு அவரே கார்வெடிலோலுக்கு மாற்றினார். அது சுகரைத் தொந்தரவு செய்வது குறைவாம். எனக்கு எச்பிஏ1சியில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கார்வெடிலோலில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற வியாபாரம்.

---

எண்சுவடி எழுதியது:

நீங்கள் மாற்றம் தெரியவில்லை என்றது சரிதான், எதிர்பார்க்க வேண்டியதே அவ்வளவுதான். 2004இல் வந்த ஜெமினி ஆய்வு இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. மெட்டோபுரோலாலில் எச்பிஏ1சி சராசரியாக 0.15 ஏறியது, கார்வெடிலோலில் அசையவில்லை. 0.15 என்பது 7.0 இருந்தது 7.15 ஆவது. ஆய்வுக்கூடம் மாறினாலே அவ்வளவு மாறும்.

---

கடைசிப்பக்கம் எழுதியது:

பொட்டாசியம் வந்துவிட்டது. 3.3. தாளில் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு கீழ்நோக்கிய அம்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்சுவடி ‘நடக்கத் தொடங்கியது நாம்தான்’ என்று எழுதியதிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். தோள்பட்டை இறுகிப்போய் ஒரு எலும்பு டாக்டரிடம் மூட்டுக்குள் ஊசி போட்டுக்கொண்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்து முதலில் எழுதவில்லை. தேதி பார்த்தால் ரத்தம் கொடுப்பதற்கு ஐந்து நாள் முன்பு.

---

மருந்துமேசை எழுதியது:

ஐயா! அதை முதலில் சொல்லியிருக்கலாமே.

அது ஸ்டீராய்டு ஊசியாகத்தான் இருக்கும், சீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மூட்டுக்குள் போட்டாலும் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து சில நாளுக்கு சுகரை ஏற்றும். சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். அதனால் அந்த 121இல் ஊசிக்கு எவ்வளவு பங்கு, குளோர்தாலிடோனுக்கு எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியாது. ஆனால் எச்பிஏ1சி இரண்டு மூன்று மாத சராசரி. ஐந்து நாள் ஊசி அதை 0.4 தூக்கிவிடாது.

3.3 குறைவுதான், 3.5க்கு மேல் இருக்க வேண்டும். டெல்மிசார்டன் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் மருந்து. அது கூட இருந்தும் இவ்வளவு இறங்கியிருக்கிறது. இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பது அவர் முடிவு. நீங்களாகப் பொட்டாசியம் வாங்கிக் குடிக்காதீர்கள். டெல்மிசார்டனோடு சேர்ந்தால் மறுபக்கம் எகிறும், கூடிப்போன பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைத்துவிடும்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

‘இந்த மாத்திரைக்குப் பதில் அந்த மாத்திரை இத்தனை மி.கி. போடுங்கள்’ என்ற மூன்று பதில்களை நீக்கியிருக்கிறேன். அனுபவம் எழுதலாம், மருந்துச் சீட்டு எழுத வேண்டாம்.

---

நிழல்மரம் எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம். டெல்மிசார்டன், ராமிபிரில் எல்லாம் சுகர் ஆபத்தைக் குறைக்கும் என்றால், விளிம்பில் நிற்கிறவர்கள் பிரஷர் இல்லாமலே அதைப் போட்டுக்கொள்ளலாமா?

---

எண்சுவடி எழுதியது:

அதையும் சோதித்துவிட்டார்கள். 2006இல் வந்த டிரீம் ஆய்வில், சுகரின் விளிம்பில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ராமிபிரில் கொடுத்தார்கள். புதிதாக சுகர் வருவது உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. 2010இல் நேவிகேட்டர் என்ற ஆய்வில் வால்சார்டன் குறைத்தது, ஆனால் கொஞ்சம்தான்: ஐந்து வருடத்தில் 36.8க்குப் பதில் 33.1 சதவீதம். பிரஷருக்கு எப்படியும் ஒரு மருந்து வேண்டும் என்றால் இதைத் தேர்ந்தெடுக்க இது ஒரு காரணம். சுகருக்கென்றே விழுங்க இது போதாது.

---

கடைசிப்பக்கம் எழுதியது (மூன்று மாதம் கழித்து):

இழையை மேலே கொண்டுவருகிறேன், விட்ட இடத்திலிருந்து சொல்ல வேண்டும் அல்லவா.

டாக்டர் குளோர்தாலிடோனை 12.5இலிருந்து 6.25 ஆக்கினார், டெல்மிசார்டன் அப்படியே. இப்போது பொட்டாசியம் 4.0. வெறும் வயிற்றில் 109. எச்பிஏ1சி 6.0. பிரஷர் 130/82, கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. ஊசி அதற்குப் பிறகு போடவில்லை.

மாத்திரையைக் குறைத்ததால்தான் இறங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் பயத்தில் அந்த வாரத்திலிருந்தே தினமும் முக்கால் மணி நேரம் நடக்க ஆரம்பித்தேன். இரண்டரைக் கிலோ குறைந்துவிட்டது. எது செய்தது என்று டாக்டரையே கேட்டேன். இரண்டையும் விடாதே, அப்புறம் யார் செய்தால் என்ன என்றார்.

---

மருந்துமேசை எழுதியது:

நல்ல சேதி. இனி ரத்தம் கொடுக்கும்போதெல்லாம் பொட்டாசியத்தையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

சும்மாஒருவன் எங்கே, ஆளையே காணோம்? இரண்டு மாதம் நிறுத்தினால் சுகர் இறங்கும் என்றாரே.

---

சும்மாஒருவன் எழுதியது:

இருக்கிறேன், படித்துக்கொண்டுதான் இருந்தேன். அனுபவத்தில் சொல்கிறேன் என்று எழுதினேன் இல்லையா, அப்போது நான் நிறுத்தி பத்து நாள்தான் ஆகியிருந்தது. எனக்கும் தையசைடுதான். இன்று காலை அளந்தேன். 168/102. மூன்று தடவை அளந்தேன், அதேதான்.

---

மருந்துமேசை எழுதியது:

இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பழைய சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நெஞ்சு வலியோ, பார்வை மங்கலோ, ஒரு பக்கம் மரத்துப்போவதோ இருந்தால் நேரே அவசரப் பிரிவு.

சரி, சுகர் எவ்வளவு?

---

சும்மாஒருவன் எழுதியது:

அப்படியே இருக்கிறது. கிளம்பிவிட்டேன், வந்து எழுதுகிறேன்.